மூன்றாமவருக்காக ஓர் உத்தியோகம்

விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று இரண்டே கட்சிகள் உள்ள வியாபாரத்தில் யாருக்கு யார் பொறுப்பு என்று அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பொருள் சரியில்லை என்றால் வாங்கியவர் நேரே வந்து கேட்டுவிடுவார். நான் பார்க்கும் உத்தியோகத்தில் கட்சிகள் மூன்று. கிளவுடை நடத்துகிற பெரிய ஸ்தாபனம் முதலாவது. அதன் மேல் தன் மென்பொருளை எழுதி விற்கிற பார்ட்னர் நிறுவனம் இரண்டாவது. அந்த மென்பொருளைக் காலையில் திறந்து வைத்துக்கொண்டு தன் ஜீவனத்தை நடத்துகிற மனிதர் மூன்றாமவர். பார்ட்னரின் மென்பொருள் எப்படி அமைய வேண்டும், எந்த இடத்தில் பழுதாகக்கூடும், எவ்வளவு செலவு பிடிக்கும் என்பவற்றை முதல் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து ஆலோசித்துச் சொல்லுகிற சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் நான். மூன்றாமவரை நான் பெரும்பாலும் பார்ப்பதில்லை. என்னைப் போல் ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரிய நியாயமும் இல்லை. ஆனாலும், இந்த வேலையில் பல வருஷங்கள் பழகிய பிறகு எனக்குத் திடமாக ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் என்னவென்றால், அறையில் இல்லாத அந்த மூன்றாமவரை மனத்தில் இருத்திக்கொண்டு பேசுகிற வரைக்கும்தான் என் ஆலோசனைக்கு ஏதாவது மதிப்பு உண்டு என்பதே.

இந்த மூவர் ஏற்பாடு உண்டானதற்குத் தக்க காரணம் இருக்கிறது. 2006ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையையும், ஆகஸ்டில் இசி2 என்ற வாடகை சர்வர்களையும் அமேசான் வெளியிட்டது. வாடகைக்கு சர்வர் கிடைக்கிறது என்று கேட்டு மகிழ்ந்துபோகிறவர் புரோகிராமர்தான். ஓர் ஆஸ்பத்திரிக்கோ, ஒரு நூற்பாலைக்கோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ வேண்டியது சர்வர் அன்று. நோயாளியின் விவரத்தை எழுதி வைக்கவும், நூல் இருப்பைக் கணக்குப் பார்க்கவும், கடன் தவணையை வசூலிக்கவும் உதவுகிற, அந்தந்தத் தொழிலின் நுணுக்கம் அறிந்த மென்பொருளே. அந்த நுணுக்கம் சியாட்டிலில் இருக்கும் பொறியாளருக்குத் தெரிய வழியில்லை. கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஆபீஸ் வைத்துக்கொண்டு நெடுங்காலமாக அந்த ஒரே தொழிலுக்கு எழுதிக்கொண்டிருப்பவருக்குத்தான் தெரியும். மைக்ரோசாப்ட் தன் தொழிலையே பார்ட்னர்களைக் கொண்டு வளர்த்த நிறுவனம். அமேசானும் 2012இல் பார்ட்னர்களுக்கென்று தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. பிறகு 2015இல் மைக்ரோசாப்ட் புணே, சென்னை, மும்பை ஆகிய ஊர்களிலும், 2016 ஜூனில் அமேசான் மும்பையிலும், 2017இல் கூகுள் அதே மும்பையிலும் தங்கள் டேட்டா சென்டர்களைத் திறந்து, சர்வர்கள் நாட்டுக்குள்ளேயே வந்துவிட்ட பிற்பாடு, அதுவரை தயங்கி நின்ற சிறு மென்பொருள் நிறுவனங்களும் ஒவ்வொன்றாகக் கிளவுடுக்கு வரலாயின.

கோயம்புத்தூரில் எனக்குப் பழக்கமான ஒரு நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு ஈஆர்பி எழுதுவது அவர்கள் தொழில். நூல் வாங்குவது தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு இடத்தில், பெரும்பாலும் ஜாப் ஒர்க்காக, நடக்கிற விவகாரம் அது. எத்தனை கிலோ துணி சாயப்பட்டறைக்குப் போயிற்று, எத்தனை கிலோ திரும்பி வந்தது, நடுவில் கழிவு எவ்வளவு என்பதை டெலிவரி சலான்களோடு ஒத்துப் பார்த்துச் சொல்லாவிட்டால் அந்த மென்பொருளால் பிரயோஜனமில்லை. முன்பெல்லாம் இதை அவர்கள் சிடியில் கொண்டுபோய், கம்பெனி ஆபீஸில் கணக்கர் மேஜைக்கு அடியில், பஞ்சுத் தூசிக்கு நடுவே, யூபிஎஸ்ஸின் ஆதரவில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வருவார்கள். ராத்திரி கடையைப் பூட்டும்போது முதலாளியின் மகன் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். அதுதான் பேக்கப். அந்த கம்ப்யூட்டர் ஒரு நாள் நின்றுபோனால் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் கஷ்டம். பக்கத்து வீதியில் இருக்கும் கம்பெனிக்கு ஒன்றும் ஆகாது.

கிளவுடுக்கு வந்ததில் அநேக நன்மைகள் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தூசியும் மின்வெட்டும் திருட்டும் பென் டிரைவ் தொலைவதும் ஒரே வீச்சில் ஒழிந்தன. ஆனால் முன்பு நூறு இடத்தில் சிதறிக் கிடந்த ஆபத்து இப்போது ஒரே இடத்தில் வந்து குவிந்திருக்கிறது என்பதைப் பார்ட்னர் நிறுவனங்கள் உடனே உணர்ந்துகொள்வதில்லை. அவர்களுடைய டேட்டாபேஸில் ஒரு புரோகிராமர் தவறான கட்டளை ஒன்றை ஓடவிட்டால், மறுநாள் காலையில் திருப்பூரில் சில நூறு ஆபீஸ்களில் ஒரே சமயத்தில் டெலிபோனை எடுப்பார்கள். கிளவுட் நிறுவனம் தன் கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்கும் வலைப்பின்னலுக்கும் பொறுப்பு. அதன் மேல் எழுதப்பட்ட மென்பொருளுக்கும், யார் யாருக்கு எந்த அனுமதி என்பதற்கும், உள்ளே வைத்த தகவல்களுக்கும் பார்ட்னரே பொறுப்பு. இந்தப் பாகப்பிரிவினை எல்லாக் கிளவுட் நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் “எங்க டேட்டா எல்லாம் அமேசான்ல பத்திரமா இருக்குதுங்க” என்று நிம்மதியாகச் சொல்லுகிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, எடுத்த பேக்கப்பிலிருந்து ஒரு கம்பெனியின் கணக்கை மட்டும் தனியே மீட்டுப் பார்த்திருக்கிறீர்களா, அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத்தான். முழு டேட்டாபேஸையும் மீட்டுப் பார்த்தவர்கள் ஓரளவு உண்டு. ஒரே ஒரு வாடிக்கையாளரின் கணக்கை, மற்றவர்களின் இன்றைய வேலைக்குக் குந்தகம் இல்லாமல், நேற்று மத்தியான நிலைக்குக் கொண்டுவந்து பார்த்தவர்கள் அபூர்வம். மூன்றாமவருக்கு வேண்டியிருப்பதோ பெரும்பாலும் அந்த இரண்டாவதுதான்.

அந்தக் கோவை நிறுவனத்தின் மென்பொருளில் நான் அதிக நேரம் செலவிட்டது வேறொரு பிரச்சினையில். சில நூறு கம்பெனிகளுக்கும் ஒரே டேட்டாபேஸ். ஒவ்வொரு வரியிலும் இன்ன கம்பெனியுடையது என்று ஓர் எண். மலிவாக நடத்த வேண்டுமானால் இப்படித்தான் செய்ய வேண்டும். ஆளுக்கொரு டேட்டாபேஸ் என்றால் சிறிய கம்பெனிக்கு மாதக் கட்டணம் கட்டுப்படியாகாது. ஆனால், ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரே கிணற்றை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கும்போது, எல்லோரும் விடியற்காலை ஒரே நேரத்தில் வாளியும் கையுமாக வந்து நின்றால் என்ன ஆகுமோ அது இங்கே மாதந்தோறும் ஆயிற்று. ஜிஎஸ்டி வரிக் கணக்கை மாதாந்தரம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கடைசித் தேதி 11. ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20. பத்தாம் தேதி மாலையிலிருந்து எல்லாக் கணக்கர்களும் விற்பனைப் பட்டியலை எடுக்க ஆரம்பிப்பார்கள். ஏற்றுமதி செய்கிற பெரிய கம்பெனி ஒன்று தன் முழு மாத ரசீதுகளையும் ஒரே அறிக்கையாகக் கேட்கும். அது முடிகிற வரையில், பத்து தையல் மிஷின் வைத்திருக்கும் சிறிய கம்பெனியின் கணக்கர் ஒரு சலான்கூடப் போட முடியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“பதினொண்ணாந் தேதிக்கு மட்டும் பெரிய சர்வரா மாத்திக்கலாமுங்களா மேடம்?” என்று அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் கேட்டார். நல்ல மனிதர், தொழிலை அடிமட்டத்திலிருந்து கற்றவர்.

“மாத்தலாமுங்க. ஆனா அடுத்த வருஷம் இன்னும் நூறு கம்பெனி சேர்ந்தா, அப்போ?”

அவர் ஒயிட்போர்டைப் பார்த்தபடி பேசாமல் நின்றார். அந்த மௌனத்தைக் குலைக்காமல் இருப்பது என் வேலையில் ஒரு பகுதி. கடைசியில் அவரே மார்க்கரை எடுத்து, சலான் போடுகிற வேலை ஒரு பக்கமும், அறிக்கை எடுக்கிற வேலை இன்னொரு பக்கமுமாக ஒரு கோட்டை இழுத்தார். சலான் போடுகிறவர் ஒரு விநாடிகூடக் காத்திருக்கக் கூடாது. அறிக்கை கேட்டவர் “உங்கள் அறிக்கை தயாராகிறது, ஆனதும் தெரிவிக்கிறோம்” என்றால் இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்வார். அறிக்கைகளுக்கு ஒரு வரிசை வைத்து, டேட்டாபேஸின் நகல் ஒன்றிலிருந்து அவற்றைத் தயார் செய்து, எந்தக் கம்பெனிக்கும் ஒரே சமயத்தில் இத்தனைக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டிவிட்டால் பெரியவரும் சிறியவரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் இருக்கலாம். மிகப் பெரிய ஏற்றுமதியாளர்கள் ஒன்றிரண்டு பேருக்கு மட்டும், அவர்களே கூடுதல் கட்டணம் கொடுக்கச் சித்தமாக இருப்பதால், தனி டேட்டாபேஸ். இவ்வளவையும் அவர் சொன்னார்; நான் எழுதிக்கொண்டேன்.

இதில் நுட்பமான விஷயம் ஒன்று பாக்கியிருந்தது. திரை உறைந்துபோனால் மென்பொருள் தானாகவே ஒரு விநாடி கழித்து மறுபடி முயல்வதாக எழுதியிருந்தார்கள். எல்லாத் திரைகளும் ஒரே ஒரு விநாடி கழித்து மறுபடி முயன்றால், ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் மேல் அதே கூட்டம் அதே நேரத்தில் மறுபடியும் வந்து விழும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். அதோடு, ஒவ்வொரு திரையும் அந்த வரம்புக்குள் ஏதோ ஒரு கணத்தை எதேச்சையாகத் தேர்ந்துகொள்ளும்படி செய்ய வேண்டும். மார்க் புரூக்கர் என்ற அமேசான் பொறியாளர் 2015இல் இதை வரைபடங்களோடு விளக்கி எழுதிய கட்டுரை இன்றைக்கும் இத்துறையில் அனைவரும் படிக்கத்தக்கது. மாற்றம் என்னவோ சில வரிகள்தான். ஆனால் பதினோராம் தேதி ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டுக்குப் போக முடிகிறதா, பதினொன்றரைக்குத்தான் போக முடிகிறதா என்பது, திருப்பூரில் உள்ள ஒரு கணக்கருக்கு அந்தச் சில வரிகளைப் பொறுத்தது.

இப்போது சென்னைக்கு வருகிறேன். ஓஎம்ஆரில் உள்ள வேறொரு பார்ட்னர், மற்ற நிறுவனங்களின் கிளவுட் செலவை ஆராய்ந்து எங்கே வீணாகிறது என்று சொல்லும் மென்பொருள் செய்கிறவர். அதற்கு அவர் தம் வாடிக்கையாளர்களின் கிளவுட் அக்கவுன்டுக்குள் நுழைந்து பார்க்க அனுமதி வேண்டும். பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது மகா அபாயம். ஆகையால் வாடிக்கையாளர் தம் அக்கவுன்டில் ஒரு ‘ரோல்’ உண்டாக்கி, இந்த பார்ட்னர் மட்டும் அதை ஏற்றுக்கொண்டு உள்ளே வரலாம் என்று எழுதி வைப்பார். முறை சரியானதே. அந்த மென்பொருளை எழுதிய இளைஞர் மிகுந்த ஆர்வத்தோடு அதை எனக்குக் காட்டினார்.

“கஸ்டமர் அவங்க ரோலோட ஏஆர்என்-ஐ இந்த ஸ்கிரீன்ல போட்டாப் போதும் மேடம். அஞ்சே நிமிஷத்துல கனெக்ட் ஆயிடும்.”

“இன்னொரு கஸ்டமரோட ஏஆர்என்-ஐப் போட்டா?”

“அது எப்படி மேடம் இவங்களுக்குத் தெரியும்?”

“அந்த ஏஆர்என்-ல என்னென்ன இருக்கு, கொஞ்சம் வாய்விட்டுப் படிங்களேன்.”

அவர் படித்தார். அமேசானில் ஒரு ரோலை அடையாளம் காட்டும் முகவரிதான் ஏஆர்என். அதில் 12 இலக்க அக்கவுன்ட் எண் ஒன்று. ரோலின் பெயர் ஒன்று. ரோலின் பெயரோ, அந்த பார்ட்னரே தயாரித்துக் கொடுக்கும் படிவத்திலிருந்து உண்டாவதால், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே பெயர். அக்கவுன்ட் எண் ரகசியமாகப் பூட்டி வைக்கப்படும் வஸ்து அன்று; பல கடிதங்களிலும் பதிவுகளிலும் சாதாரணமாகப் புழங்குவது. ஆகவே கெட்ட எண்ணம் கொண்ட ஒரு வாடிக்கையாளர், தம் போட்டியாளரின் அக்கவுன்ட் எண்ணைத் தெரிந்துகொண்டு அந்தத் திரையில் போட்டுவிட்டால், பார்ட்னரின் மென்பொருள் தனக்குள்ள நியாயமான அனுமதியைக் கொண்டே போட்டியாளரின் கணக்குக்குள் போய், அங்கே உள்ளதை எல்லாம் எடுத்துவந்து இவர் கையில் கொடுத்துவிடும். பூட்டை யாரும் உடைக்கவில்லை. அனுமதி பெற்ற வேலையாள் ஒருவன், யாருக்காக வேலை செய்கிறோம் என்பதில் மயங்கிவிட்டான், அவ்வளவே.

இது கிளவுடோடு பிறந்த வியாதி அன்று. நார்ம் ஹார்டி என்பவர் 1988இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் இதற்குக் ‘கன்ஃப்யூஸ்டு டெபுட்டி’ என்று பெயரிட்டு, டைம்ஷேர் என்ற கம்பெனியில் நடந்ததாக ஒரு சம்பவத்தை விவரித்திருக்கிறார். கம்ப்யூட்டர் நேரத்தைப் பலருக்கும் வாடகைக்கு விட்ட கம்பெனி அது. இன்றைய கிளவுடுக்கு மூதாதை என்றே சொல்லலாம். அங்கே ஃபோர்ட்ரான் கம்பைலர் ஒன்று, தன் உபயோகத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களைக் குறித்து வைப்பதற்காக, சிஸ்டத்தின் தனி டைரக்டரிக்குள் எழுதும் உரிமை பெற்றிருந்தது. வாடிக்கையாளர்களுக்கு பில் போடும் கோப்பும் அதே டைரக்டரியில் இருந்தது. கம்பைலர் வெளியிடும் சோதனைத் தகவல்களை இன்ன கோப்பில் எழுது என்று கேட்கும் வசதியைப் பயன்படுத்திய ஒருவர், அந்த பில் கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டார். கம்பைலரும் தனக்குள்ள உரிமையால் அதன் மேலேயே எழுதி, பில் விவரங்களை அழித்துவிட்டது. ஹார்டியின் கட்டுரையை அன்று மாலையே அந்த இளைஞருக்கு அனுப்பினேன். பழைய கட்டுரைகளைப் படிப்பதற்கு நம் துறையில் நேரம் ஒதுக்குகிறவர்கள் மிகவும் குறைவு. இது வருந்தத்தக்க விஷயம்.

பரிகாரம் எளிது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாக ஓர் ‘எக்ஸ்டர்னல் ஐடி’ வைத்து, அந்த எண்ணைச் சொன்னால்தான் உள்ளே விட வேண்டும் என்று வாடிக்கையாளர் தம் ரோலில் நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். திரைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குரிய எண்ணை மட்டுமே மென்பொருள் சொல்லும். போட்டியாளரின் ஏஆர்என்-ஐப் போட்டாலும் எண் பொருந்தாது; கதவு திறக்காது. இவ்வளவும் கேட்ட பிறகு அந்த இளைஞர் ஒரு கேள்வி போட்டார்: “அந்த நம்பரை கஸ்டமரே அவங்க இஷ்டத்துக்கு வெச்சுக்கலாமா மேடம், இல்ல நாமதான் குடுக்கணுமா?” கேள்வியைக் கேட்டதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை, ஏனென்றால் முழு விஷயமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. வாடிக்கையாளரே தேர்ந்துகொள்ளலாம் என்றால், போட்டியாளரின் எண்ணையும் ஊகித்தோ விசாரித்தோ போட்டுவிடலாம். மயக்கம் பழையபடி திரும்பிவிடும். பார்ட்னர்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். யாரும் அதை மாற்றும்படி திரையில் இடம் இருக்கக் கூடாது. அதற்கு மேலும் ஒரு படி போய், வாடிக்கையாளர் ரோலை உண்டாக்கியவுடன், எண்ணைச் சொல்லாமல் ஒரு முறை உள்ளே நுழைய முயன்று பார்த்து, அப்போதும் கதவு திறந்துகொண்டால் “உங்கள் நிபந்தனை சரியாக எழுதப்படவில்லை” என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதைச் செய்யாவிட்டாலும் மென்பொருள் அழகாகவே ஓடும். இதற்காக எந்த வாடிக்கையாளரும் ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கப் போவதில்லை. இதன் பயன் முழுவதும், தம் அக்கவுன்ட் எண் பிறர் கையில் இருப்பதையே அறியாத ஒருவருக்குப் போய்ச் சேர்கிறது.

சேவை நிற்காமல் இருப்பதைப் பற்றிய வாக்குறுதிகளுக்கு வந்தால், விற்பனைப் பிரிவினர் தாராளமாக எழுதிவிடும் ஒன்பதுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 99.9 சதவிகிதம் என்றால் வருஷத்தில் சுமார் 8 மணி 45 நிமிஷம் நிற்கலாம் என்று அர்த்தம், 99.99 என்றால் 53 நிமிஷத்துக்கும் சற்றுக் குறைவு. தலா 99.9 சதவிகிதம் உத்தரவாதம் உள்ள நான்கு சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, எது நின்றாலும் எல்லாம் நிற்கும்படி ஒரு மென்பொருளை அமைத்தால், கணக்குப்படி வருஷத்தில் ஏறக்குறைய 35 மணி நேரம் அது நிற்கலாம். இந்த நிலையில் 99.99 என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் எனக்கு இந்தச் சதவிகிதங்களைக் காட்டிலும் முக்கியமாகப் படுவது, எந்த நேரத்தில் நிற்கிறது என்பது. திருப்பூரில் பல கம்பெனிகளில் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லர்களுக்கு வாரம் முழுவதும் தைத்த கணக்கைக் கூட்டிச் சம்பளச் சீட்டு எடுக்க வேண்டியது அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாலு மணி நேரம் நின்றால் ஒருவருக்கும் தெரியாது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு நாற்பது நிமிஷம் நின்றால், ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் கம்பெனி வாசலில் காத்துக் கிடப்பார்கள்.

2017 பிப்ரவரி 28ஆம் தேதி வர்ஜீனியாவில் எஸ்3 சேவை சுமார் நாலு மணி நேரம் ஸ்தம்பித்த வரலாற்றை இத்துறையில் உள்ள எல்லோரும் அறிவார்கள். பில்லிங் பகுதியில் ஏற்பட்ட தாமதத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பொறியாளர், சில சர்வர்களை மட்டும் விலக்குவதற்காகக் கொடுத்த கட்டளையில் ஓர் இடம் பிசகியதால், உத்தேசித்ததைவிட அதிக சர்வர்கள் விலகிப்போயின என்று அமேசானே விளக்கம் வெளியிட்டது. அதில் நான் பார்ட்னர்களுக்குத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது வேறொரு விவரத்தை: சேவைகளின் நிலையை உலகத்துக்குக் காட்டும் பலகையைத் திருத்தும் வசதியே எஸ்3-ஐ நம்பி இருந்தபடியால், கோளாறு நடந்துகொண்டிருக்கும்போது வெகு நேரம் அதைத் திருத்திக் காட்ட முடியாமல் போயிற்று. ஆகவே, உங்கள் மென்பொருள் நின்றுவிட்டால் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய டெலிபோன் நம்பர்களின் பட்டியல் எங்கே இருக்கிறது என்று கேட்பேன். அதே மென்பொருளுக்குள் இருக்கிறது என்று அநேகர் பதில் சொல்லுவார்கள். சொல்லி முடிக்கும்போதே பலருக்கு முகம் மாறும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளவுட் நிறுவனத்துக்கு வருமானம் உபயோகத்தின் அளவைப் பொறுத்தது. ஆலோசனை சொல்லுகிறவர் உபயோகத்தைக் குறைக்கச் சொல்லலாமா என்று சில பார்ட்னர்கள் நேராகவே கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும் என்பது என் தீர்மானம். தனி நெட்வொர்க்குக்குள் இருக்கும் சர்வர்கள் எஸ்3-க்கு அனுப்புகிற கோப்புகள் எல்லாம் ‘நாட் கேட்வே’ என்ற வெளிவாசல் வழியாகப் போகும்படி விட்டுவிடுவது மிகச் சகஜம். வர்ஜீனியா விலைப்படி அதற்கு ஒரு ஜிபிக்கு 4.5 சென்ட். மாதம் 10,000 ஜிபி போனால் 450 டாலர். எஸ்3-க்கென்றே உள்ள ‘கேட்வே எண்ட்பாயிண்ட்’ என்ற நேர்வழியை அமைத்துவிட்டால் அந்தப் போக்குவரத்துக்கு அந்தக் கட்டணமே கிடையாது. அமைப்பதற்கு அரை மணி நேரம்கூடத் தேவையில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், அந்த 450 டாலர் பார்ட்னரின் பில்லில் ஏறி, அங்கிருந்து மாதக் கட்டணமாக இறங்கி, கடைசியில் பத்து மிஷின் வைத்திருப்பவரின் தலையில்தான் வந்து விடியும்.

இவ்வளவு சொன்ன பிறகு இந்த உத்தியோகத்தில் எனக்கு அதிகாரம் ஏதாவது உண்டா என்று கேட்டால், இல்லை. பார்ட்னரின் பொறியாளர்கள் எனக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லர். அவர்களுடைய சர்வரில் ஓர் எழுத்தை மாற்றவும் எனக்கு அனுமதி கிடையாது, இருக்கவும் கூடாது. கேள்வி கேட்கலாம், படம் வரையலாம், பேசியதைத் தெளிவாக எழுதி அனுப்பலாம். கூட்டத்தில் முதலாளியும் தலைமைப் பொறியாளரும் பேசிக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் லேப்டாப்பை மூடி வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணோ பையனோதான் ராத்திரி போன் வந்தால் எழுந்து சரி செய்கிறவர் என்பதைக் கண்டுபிடித்து, அவரிடம் “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்பதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். சரியான விவரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கோவை நண்பர்களோடு இப்போது ஒரு புதிய பிரச்சினையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம் விவரங்களை அழிக்கும்படி கோரும் உரிமையைத் தனி மனிதருக்குத் தருகிறது. பனியன் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருப்பவை டெய்லர்களின் பெயர், வங்கிக் கணக்கு எண், பிஎஃப் எண் ஆகியவை. மூன்றாமவருக்கும் அப்பால் நாலாவது மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்தச் சட்டம் எங்களுக்கு நினைவூட்டியது. ஒரு கம்பெனி இந்த மென்பொருளை விட்டு விலகினால், சட்டப்படி வைத்திருக்க வேண்டிய கணக்குகள் போக, மற்ற விவரங்களை டேட்டாபேஸிலிருந்து அழிப்பது சுலபம். ஆனால் எல்லாக் கம்பெனிகளும் கலந்து கிடக்கும் பழைய பேக்கப்புகளிலிருந்து விலகிய கம்பெனியுடையதை மட்டும் பிரித்து அழிப்பது நடைமுறையில் சாத்தியமில்லை. அதற்கு நாங்கள் யோசித்திருக்கும் வழி, ஒவ்வொரு கம்பெனியின் தொழிலாளர் விவரங்களையும் அந்தக் கம்பெனிக்கே உரிய தனிச் சாவியால் பூட்டி எழுதி வைப்பது. கம்பெனி விலகும்போது சாவியை அழித்துவிட்டால், பேக்கப்புகளில் மிஞ்சியிருப்பதை ஒருவராலும் படிக்க முடியாது. அமேசானின் சாவிச் சேவையில் ஒரு சாவிக்கு மாதம் 1 டாலர். சிறிய கம்பெனிகளின் கட்டணத்தில் இது ஒரு கணிசமான பகுதி என்று முதலாளி கவலைப்படுகிறார், அது நியாயமான கவலையே. தவிர, அழிக்கச் சொன்ன சாவி உடனே அழியாது. 7 நாள் முதல் 30 நாள் வரை காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் மனம் மாறித் திரும்பி வருகிற வாடிக்கையாளருக்கு அது அனுகூலம். அழிக்கச் சொன்ன தொழிலாளிக்கு அது தாமதம். எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது என்பதை அவர்களுடைய வக்கீலும் தலைமைப் பொறியாளரும் நானும் வருகிற வாரம் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.